அன்பா, அருளா? ‘வின்லாண்ட் சாகா’ என்னும் ஜப்பானிய அனிமே தொடரில் போர், சமயம், அறம்

முன்னுரை

ஜப்பானிய அசைவூட்டப் படங்கள் ‘அனிமே’ என்னும் பெயரால் இன்று உலகெங்கும் அறியப்படுகின்றன. நம் மாணவர்களுள் பலர் இவற்றை விரும்பிப் பார்க்கின்றனர். ஆசிரியர்களாகிய நாமோ இவற்றைச் சிறுவர் பொழுதுபோக்கு என்றோ வன்முறைக் காட்சிகளின் கோவை என்றோ பெரும்பாலும் ஒதுக்கிவிடுகிறோம். இவற்றுள் சில, அறநூல்களும் சமய நூல்களும் நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் வினாக்களை எடுத்துக்கொண்டு, அவற்றுக்கு எளிதில் விடை கூறாமல் கதையை நடத்திச் செல்கின்றன. அத்தகைய தொடர்களுள் ஒன்று ‘வின்லாண்ட் சாகா’ ஆகும்.

ஒருவர்மீது நாம் கொள்ளும் ஆழ்ந்த பற்று அன்பாகுமா, அன்றிப் பிறரைத் தள்ளிவைக்கும் பாகுபாடு ஆகுமா என்பதே இத்தொடரின் நடுவே நிற்கும் வினா. முதற்பருவத்தில் ஒரு கிறித்துவத் துறவி இதற்கு ஒரு விடை கூறுகிறார். இரண்டாம் பருவம் அவ்விடையைச் சோதித்துத் திருத்துகிறது. இவ்விரு விடைகளையும் பிரித்துணரத் தமிழில் வழங்கும் ‘அன்பு’, ‘அருள்’ என்னும் இரு சொற்களும் நமக்குப் பெரிதும் துணைசெய்கின்றன என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. தொடரும் அதன் வரலாற்றுக் களமும்

‘வின்லாண்ட் சாகா’ முதலில் படக்கதையாக வெளிவந்தது. மக்கோத்தோ யுக்கிமுரா என்பவர் எழுதி வரைந்த இப்படக்கதை 2005ஆம் ஆண்டில் கொடான்ஷா நிறுவனத்தின் வார இதழொன்றில் தொடங்கி, அவ்வாண்டிலேயே அந்நிறுவனத்தின் ‘ஆஃப்டர்நூன்’ மாத இதழுக்கு மாறி, 2025ஆம் ஆண்டில் நிறைவுற்றது. இதனைத் தழுவிய அனிமே தொடரின் முதற்பருவத்தை விட் ஸ்டூடியோ 2019ஆம் ஆண்டிலும், இரண்டாம் பருவத்தை மாப்பா நிறுவனம் 2023ஆம் ஆண்டிலும் வெளியிட்டன. ஒவ்வொரு பருவமும் 24 பகுதிகளைக் கொண்டது. இரண்டையும் ஷூஹெய் யபுத்தா இயக்கினார்.

கதை நிகழும் காலம் 11ஆம் நூற்றாண்டின் தொடக்கம். களம் ஐஸ்லாந்து, இங்கிலாந்து, டென்மார்க் ஆகிய நாடுகள். அக்காலத்தில் வடகடல் சூழ்ந்த நாடுகளில் பழைய நோர்ஸ் சமயமும் புதிய கிறித்துவமும் அருகருகே வாழ்ந்தன. டென்மார்க்கின் அரசன் ஹாரால்ட் புளூடூத், டேனியரைக் கிறித்தவராக்கியவன் தானே என்று எல்லிங் என்னும் ஊரில் கல்லில் பொறித்துவைத்தான். ஐஸ்லாந்து மக்கள் 1000ஆம் ஆண்டை ஒட்டித் தங்கள் பொதுமன்றமாகிய அல்திங்கில் கூடிக் கிறித்துவத்தை ஏற்றனர். எனினும், போரில் மடிந்த வீரன் ஓடின் தெய்வத்தின் வல்ஹால்லா மண்டபத்தை அடைவான் என்ற நம்பிக்கை போர்வீரர்தம் உள்ளத்தை விட்டு அகலவில்லை. இத்தொடரில் வரும் வைக்கிங் வீரர்கள் பலர் இந்நம்பிக்கையோடே வாழ்ந்து இறக்கின்றனர்.

போரின் பொருளியலையும் ஈண்டு நோக்குதல் வேண்டும். 991ஆம் ஆண்டில் மால்டன் போருக்குப் பின்னர், டேனியரைத் திருப்பியனுப்ப இங்கிலாந்து 10,000 பவுண்டு வெள்ளி கொடுத்தது. 1012இல் அத்தொகை 48,000 பவுண்டாக உயர்ந்தது. 1018இல் 72,000 பவுண்டு செலுத்தப்பட்டதாக ஆங்கிலோ சாக்சன் வரலாற்றுக் குறிப்பு கூறுகிறது. லண்டன் நகர மக்கள் செலுத்திய தொகை இதில் அடங்காது. இடையில், 1002ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் நாள், இங்கிலாந்து மன்னன் எதெல்ரெட் தன் நாட்டிலிருந்த டேனியரைக் கொல்லுமாறு ஆணையிட்டான். 1013இல் டேனிய மன்னன் ஸ்வேன் இங்கிலாந்தின்மீது படையெடுத்தான். முதற்பருவத்தின் பெரும்பகுதி இப்படையெடுப்பையே களமாகக் கொண்டுள்ளது.

வரலாற்றைத் தொடர் அப்படியே பின்பற்றவில்லை. வரலாற்றில் ஸ்வேன் 1014ஆம் ஆண்டு பிப்ரவரி 3ஆம் நாள் கெயின்ஸ்பரோவில் இறந்தான். தொடரிலோ அவன் யார்க் நகரில் அஸ்கெலாட் என்னும் கற்பனைப் பாத்திரத்தால் வெட்டப்படுகிறான். ஆகவே இதனை வரலாற்றுப் பாடமாகக் கொள்ளாமல், வரலாற்றைக் களமாகக் கொண்ட அறவினவல் எனக் கொள்வதே தகும்.

2. மீட்கப்பட்ட அடிமையும் வாளை விட்ட வீரனும்

கதைத்தலைவன் தோர்ஃபின் ஐஸ்லாந்தில் வாழும் சிறுவன். அவன் தந்தை தோர்ஸ் ஒரு காலத்தில் பெரும்போர்வீரனாக விளங்கியவர். கடற்போர் ஒன்றில் இறந்ததுபோல் நடித்துத் தப்பி, மனைவி மக்களோடு ஐஸ்லாந்தில் அமைதியாக வாழ்ந்து வருகிறார்.

முதற்பகுதியிலேயே குறிப்பிடத்தக்க நிகழ்ச்சியொன்று இடம்பெறுகிறது. பனியில் தப்பியோடி வந்த அடிமை ஒருவன் குற்றுயிராகக் கிடக்கிறான். அவனுடைய உடைமையாளன் அவனைத் தேடிவருகிறான். தோர்ஸ் அந்த அடிமையை எட்டு ஆடுகளை விலையாகக் கொடுத்து வாங்கிக்கொள்கிறார். பிழைக்க மாட்டாத ஒருவனுக்கு இவ்விலை மிகை என்பதை எல்லாரும் அறிவர். அவனும் இறந்துபோகிறான். தோர்ஸுக்கு அவன் உறவினன் அல்லன், ஊரானும் அல்லன். கொடுத்ததால் அவருக்குக் கிடைத்த பயனும் ஒன்றுமில்லை. வணிகக் கணக்கில் இது இழப்பு. அறக்கணக்கில் இதற்கு என்ன பெயர் என்பதைத் தொடர் அப்போது கூறவில்லை.

பின்னர் தோர்ஸ் சூழ்ச்சியால் மீண்டும் போருக்கு அழைக்கப்படுகிறார். வழியில் ஃபாரோ தீவுகளில் அஸ்கெலாட்டின் கூலிப்படை அவரைக் கொல்கிறது. உண்மையான வீரனுக்கு வாள் வேண்டுவதில்லை என்பதும், இவ்வுலகில் ஒருவனுக்குப் பகைவர் என்று எவருமில்லை என்பதும் அவர் மகனுக்கு விட்டுச் சென்ற படிப்பினை. மகனோ அதனை உணரவில்லை. தந்தையைக் கொன்றவனோடு முறைப்படி ஒற்றைக்கொற்றை போரிட்டுப் பழிதீர்க்கும் பொருட்டு, அந்தக் கூலிப்படையிலேயே சேர்ந்து, பதினோர் ஆண்டுகள் அவர்களுக்காகக் கொலைகள் செய்கிறான்.

தந்தைமீது கொண்ட அன்புதான் தோர்ஃபினைக் கொலைகாரனாக்குகிறது. அவனிடம் அன்பு இல்லை என்று நாம் கூற இயலாது. ஒருவர்மீது மட்டுமே நிற்கும் அன்பு, அவ்வொருவர் பறிபோன பின்னர் எத்தகைய வன்மமாகத் திரியும் என்பதற்கு அவன் சான்றாகிறான்.

3. பனிவெளியில் நிகழும் உரையாடல்

முதற்பருவத்தின் அறநிலை மையம் 18ஆம் பகுதியில் அமைந்துள்ளது. டேனிய இளவரசன் கனூட் அஞ்சிய உள்ளமுடையவன். தந்தையே அவன் சாவை விரும்பிப் போர்க்களத்துக்கு அனுப்பியிருக்கிறான். அவனைத் தாய்போல் பேணிவளர்த்த ரக்னார் என்னும் பணியாளன் ஒருவனே அவனுக்குத் துணை. இளவரசன் தன் காலில் நிற்க வேண்டுமென்று கருதும் அஸ்கெலாட், ரக்னாரைக் கொன்றுவிடுகிறான்.

துயரத்தில் ஆழ்ந்த கனூட்டுக்கும், மதுவுக்கு அடிமையான துறவி வில்லிபால்டுக்கும் இடையே, பிணங்கள் சிதறிக் கிடக்கும் பனிவெளியில் உரையாடல் நிகழ்கிறது. ரக்னார் ஒருவனே தன்மீது அன்பு கொண்டவன் என்கிறான் கனூட். துறவி அதனை மறுக்கிறார். இளவரசனைக் காப்பதற்காக ஒரு சிற்றூரின் மக்கள் அனைவரும் கொல்லப்படுவதை ரக்னார் கண்டும் காணாதிருந்தான். ஒருயிரைப் பல உயிர்களுக்கு மேலாக வைப்பது அன்பன்று. பாகுபாடு என்கிறார் அவர். அரசனைப் பணிவதும் அடிமையைச் சாட்டையால் அடிப்பதும் எந்த மனநிலையிலிருந்து பிறக்கின்றனவோ, அதே மனநிலையிலிருந்துதான் இதுவும் பிறக்கிறது என்பது அவர் வாதம்.

அவ்வாறாயின் அன்பு யாதென வினவுகிறான் கனூட். துறவி அருகிலிருக்கும் பிணத்தைச் சுட்டிக்காட்டுகிறார். அது எவரையும் வெறுப்பதில்லை; எவரிடமிருந்தும் எதையும் பறிப்பதில்லை. தன் ஊனை விலங்குகளுக்கும் புழுக்களுக்கும் வேறுபாடின்றி வழங்குகிறது. காற்றும் மழையும் தாக்கினும் முறையிடுவதில்லை. இறப்பே மனிதனை நிறைவாக்குகிறது என்பது துறவியின் கசப்பான முடிவு. உயிரோடிருப்பவர் எவருக்கும் இத்தகைய அன்பு வாய்க்காது என்றே அவர் கருதுகிறார். அவருடைய குடிப்பழக்கத்தின் வேர் இந்த நம்பிக்கையின்மையே எனலாம்.

இச்சிந்தனை தனித்து நிற்பதன்று. டேனிய மெய்யியலறிஞர் கீர்க்ககார்ட் 1847இல் வெளியிட்ட ‘அன்பின் செயல்கள்’ என்னும் நூலில், காதலும் நட்பும் தமக்கு வேண்டியவரைத் தெரிந்தெடுக்கும் சார்புடையவை என்றும், அயலானிடம் கொள்ளும் அன்பு அத்தகைய தெரிவுக்கு இடந்தராதது என்றும் வேறுபடுத்துகிறார். இறந்தவரை நினைவுகூர்தலை அன்பின் செயலாக ஆராயும் இயலொன்றும் அந்நூலில் உண்டு. ஆயினும் இருவரும் ஒரே முடிவுக்கு வரவில்லை. இறந்தவரிடம் நாம் கொள்ளும் அன்பு கைம்மாறு எதிர்பாராதது என்பது கீர்க்ககார்ட்டின் கருத்து. வில்லிபால்டோ இறந்தவரையே அன்பு செலுத்துபவராகக் காண்கிறார். உயிரோடிருப்பவர் செய்ய வேண்டிய கடமை கீர்க்ககார்ட்டிடம் எஞ்சுகிறது. துறவியிடம் எதுவும் எஞ்சவில்லை.

4. ஜப்பானியச் சொற்களின் வரலாறு

இவ்வுரையாடலில் துறவி ஆளும் இரு சொற்கள் ‘அய்’, ‘சபெத்சு’ என்பன. முன்னது அன்பையும் பின்னது பாகுபாட்டையும் குறிக்கும். மொழிபெயர்ப்பில் இவை எளிய சொற்களாகத் தோன்றினும், ஜப்பானிய மொழியில் இவ்விரண்டுக்கும் நீண்ட வரலாறு உண்டு.

பௌத்த வழக்கில் ‘அய்’ என்பது பெரும்பாலும் பற்றினையும் வேட்கையையும் குறித்தது. விடுபட வேண்டிய தளையாகக் கருதப்பட்டது. 16ஆம் நூற்றாண்டில் ஜப்பானுக்குச் சென்ற இயேசு சபையினர் இறைவனின் அன்பைக் குறிக்க இச்சொல்லை ஆளத் தயங்கினர். ‘அரிதாகப் பேணுதல்’ என்னும் பொருள் தரும் ‘தைசெத்சு’ என்ற சொல்லையே கையாண்டனர். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், மெய்ஜி காலத்தில்தான் ‘அய்’ என்பது கிறித்துவ அன்புக்கும் மேலைநாட்டுக் காதலுக்கும் உரிய சொல்லாக நிலைபெற்றது. ‘சபெத்சு’ என்பது இன்று சமூகப் பாகுபாட்டைக் குறிக்கிறது. பௌத்த நூல்களிலோ அது பொருள்களின் வேற்றுமையைக் குறிக்கும் கலைச்சொல்லாக, சமநிலையைக் குறிக்கும் ‘ப்யோதோ’ என்ற சொல்லுக்கு எதிரிணையாக வழங்கியது.

எனவே, 11ஆம் நூற்றாண்டு ஐரோப்பியத் துறவி ஒருவர் பேசுவதாக அமைந்த இக்காட்சியில், பற்றையும் பற்றற்ற பரிவையும் வேறுபடுத்தும் ஆசியச் சிந்தனை மரபின் சாயலும் படிந்துள்ளது எனலாம். கிறித்துவத் துறவியின் வாயில் பௌத்த வரலாறுடைய சொற்கள் அமைந்திருப்பது, ஜப்பானியப் பார்வையாளருக்கு இவ்வுரையாடல் அயன்மையாகத் தோன்றாமைக்கு ஒரு காரணமாகலாம்.

5. தமிழில் எச்சொல் பொருந்தும்?

இக்காட்சியைத் தமிழில் விளக்க முற்படும் ஆசிரியர் உடனே ஓர் இடர்ப்பாட்டை எதிர்கொள்வார். ரக்னார் கொண்டது அன்பு அன்று என்று துறவி கூறுவதை அப்படியே மொழிபெயர்த்தால், தமிழறிந்தார்க்கு அது பொருந்தாக் கூற்றாகவே படும். தாய் சேய்மீது கொள்வது அன்பு இல்லையெனில் வேறு எது அன்பு?

திருக்குறள் இவ்விரண்டையும் வேறுவேறு சொற்களால் சுட்டுகிறது. ‘அன்புடைமை’ இல்லறவியலில், எட்டாம் அதிகாரமாக அமைந்துள்ளது. ‘அருளுடைமை’ துறவறவியலின் முதல் அதிகாரமாக, 25ஆம் இடத்தில் அமைந்துள்ளது. தம்மோடு தொடர்புடையாரிடம் செல்வது அன்பு என்றும், தொடர்பு கருதாது எல்லா உயிர்களிடத்தும் இயல்பாகச் செல்வது அருள் என்றும் பரிமேலழகர் விளக்குவார். இவ்வேறுபாட்டின்படி நோக்கின், ரக்னாரிடம் அன்பு இருந்தது, அருள் இல்லை. துறவி தேடுவது அருளை. அவர் மொழியில் அதற்குத் தனிச்சொல் கிட்டாமையால், ரக்னாரின் அன்பையே மறுக்க நேர்கிறது.

இதற்கு ஒரு தடை எழலாம். தமிழ் விவிலிய மொழிபெயர்ப்புகள் இறைவனின் அன்பையும் அயலான்பால் கொள்ளும் அன்பையும் ‘அன்பு’ என்ற சொல்லாலேயே குறிக்கின்றன. ‘அருள்’ என்பதோ கிறித்துவ வழக்கில் இறைவன் மனிதர்க்கு வழங்கும் கொடையைக் குறிக்கிறது. ஆகவே, ஒரு கிறித்துவத் துறவியின் கூற்றை விளக்குமிடத்து ‘அருள்’ என்னும் சொல்லை ஆள்வது குழப்பம் தராதா? இத்தடை நியாயமானதே. மொழிபெயர்ப்பில் ‘அன்பு’ என்றே ஆண்டு, விளக்கவுரையில் அன்பு, அருள் என்னும் வேறுபாட்டைச் சுட்டுவது இதற்குத் தக்க வழியாகும்.

இவ்வேறுபாட்டினும் நமக்கு இன்றியமையாதது, இவ்விரண்டிற்கும் இடையே வள்ளுவர் காட்டும் உறவாகும். பொருள்செயல்வகை அதிகாரத்தில் அவர் அருளை அன்பு ஈன்ற குழந்தையாகவும், செல்வத்தை அக்குழந்தையை வளர்க்கும் செவிலியாகவும் உருவகப்படுத்துகிறார். துறவிக்கு அன்பும் அருளும் பகை. வள்ளுவர்க்கோ தாயும் சேயும். தொடரின் இரண்டாம் பருவம் இவ்விரு நோக்குகளுள் எதன் பக்கம் சாய்கிறது என்பதை இனிக் காண்போம்.

6. கனூட்டின் வழி: தாயற்ற குழந்தை

துறவியின் சொற்களைக் கேட்ட கனூட் அழுது மாய்வதில்லை, மாறாக விழித்தெழுகிறான். விண்ணும் பனியும் கதிரவனும் வேறுபாடின்றி எல்லார்மீதும் படிகின்றன. மனித உள்ளத்திற்கு மட்டுமே அது இயலவில்லை. இறைவன் இதனைத் திருத்தாமல் வாளாவிருக்கிறான் என்றால், இம்மண்ணில் விண்ணுலகை அமைக்கும் பொறுப்பைத் தானே ஏற்பதாக அவன் முடிவு செய்கிறான். அஞ்சிய இளவரசன் அந்நொடியில் அரசனாகிறான்.

இரண்டாம் பருவத்தில் அவன் இங்கிலாந்துக்கு மன்னன். வரலாற்றில் கனூட் 1016இல் இங்கிலாந்தையும், 1018ஐ ஒட்டி டென்மார்க்கையும், 1028இல் நோர்வேயையும் தன் ஆட்சிக்குள் கொணர்ந்தான். தொடரில் அவன் தன் அண்ணன் ஹாரால்டை நஞ்சூட்டிக் கொல்வதாகக் காட்டப்படுகிறது. இது கதைக்காக அமைத்த புனைவாகும். இங்கிலாந்திலுள்ள படையைப் பேணுவதற்குப் பொருள் வேண்டியிருப்பதால், டென்மார்க்கின் வளமிக்க பண்ணைகளைப் பறிக்கவும் அவன் திட்டமிடுகிறான். பண்ணையாரின் மைந்தனைச் சூழ்ச்சியால் குற்றத்தில் சிக்கவைத்து, அதனையே படையெடுப்புக்குக் காரணமாக்குகிறான்.

இவை தன்னலத்துக்காகச் செய்யப்படுவன அல்ல என்பதே இங்குள்ள சிக்கல். ஆயிரவர் வாழ ஒருவனை இழக்கலாம் என்று அவன் உண்மையாகவே நம்புகிறான். அவன் எவரிடமும் சார்பு காட்டுவதில்லை, உடன்பிறந்தவனிடத்தும் காட்டுவதில்லை. துறவி கேட்ட பாகுபாடின்மை அவனிடம் முழுமையாகவே உள்ளது. ஆனால் எல்லாரும் சமம் என்பது, எவரும் இழக்கத்தக்கவரே என்று பொருள்மாறிவிடுகிறது.

வள்ளுவரின் உருவகத்தைக் கொண்டு கூறுவதாயின், கனூட்டின் அருளுக்குச் செவிலி உண்டு; தாய் இல்லை. அவனிடமிருந்த ஒரே அன்பு ரக்னாரோடு மடிந்தது. அந்த அன்பு அன்பே அன்று என்றும் அவனுக்கு உணர்த்தப்பட்டது. எஞ்சியது, பொருளைத் தேடி அலையும் ஒரு பெருநோக்கு மட்டுமே.

இவ்விடத்தில் தொடர் ஒரு பழங்கதையைத் திறம்படக் கையாள்கிறது. கனூட் கடலலையை நிற்குமாறு ஆணையிட்டும் அது நிற்கவில்லை என்னும் கதையை 12ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் ஹன்டிங்டன் ஹென்றி பதிவு செய்துள்ளார். மன்னரின் ஆற்றல் இறைவன்முன் வெறுமையே என்பது அக்கதையின் படிப்பினை. தொடரிலும் கனூட் அலைகளைப் பார்த்து ஆணையிடுகிறான், அலைகள் கேட்பதில்லை. ஆனால் இங்கு அவன் பணிவைக் கற்பதில்லை. கேளாத அலைகளை எதிர்த்து நிற்பதே தன் ஆட்சி என்கிறான். பக்திக் கதை இறைவனுக்கெதிரான கிளர்ச்சிக் கதையாக மாற்றப்பட்டுள்ளது.

7. தோர்ஃபினின் வழி: கோதுமை வயலில் பிறந்த அருள்

அஸ்கெலாட் இறந்ததும் பழிதீர்க்கும் வாய்ப்பை இழந்த தோர்ஃபின் வாழ்க்கையின் பொருளையும் இழக்கிறான். அடிமையாக விற்கப்பட்டு, டென்மார்க்கின் யூட்லாந்துப் பகுதியில் கெட்டில் என்பவரின் பண்ணையில் காடு திருத்துகிறான். இரண்டாம் பருவத்தின் முற்பகுதியில் போர் மிகக் குறைவு. மரம் வெட்டுதலும், வேர் அகழ்தலும், கோதுமை விதைத்தலுமே காட்சிகளாக விரிகின்றன. விறுவிறுப்பை எதிர்பார்த்த பார்வையாளருக்கு இது சலிப்பூட்டலாம். ஆயினும் தொடரின் அறநிலை வாதம் இங்கேதான் உருப்பெறுகிறது.

அவனோடு உழைக்கும் ஏனார், போரில் தாயையும் தங்கையையும் ஊரையும் இழந்து அடிமையானவன். தோர்ஃபின் அத்தகைய ஊர்களை அழித்தவன். அழித்தவனும் அழிக்கப்பட்டவனும் ஒரே வயலில் நண்பராகின்றனர். ஏனாரின் துயரத்தை அருகிருந்து அறிந்த பின்னரே, தான் கொன்றவர் ஒவ்வொருவரும் ஓர் ஏனார் என்பது தோர்ஃபினுக்கு உறைக்கிறது. அவர்கள் கனவில் வந்து அவனைச் சூழ்கின்றனர். அவர்களைச் சுமந்துகொண்டே வாழ்வதென்றும், இனி வன்முறையைக் கைக்கொள்வதில்லை என்றும் அவன் உறுதிபூணுகிறான்.

பனிவெளித் துறவி பிணத்தில் கண்டது முறையிடாத அமைதி. தோர்ஃபினின் கனவில் வரும் பிணங்களோ அமைதியாக இல்லை. அவனைப் பற்றியிழுத்துக் கணக்குக் கேட்கின்றன. இறந்தவர் நிறைவெய்திவிட்டனர் என்பது துறவியின் கொள்கை. அவர்கள் வாழ்வு பறிக்கப்பட்டதென்பதே இரண்டாம் பருவத்தின் மறுமொழி.

பின்னர் ஆர்ன்ஹெயிட் என்னும் அடிமைப்பெண்ணின் துயரம் நிகழ்கிறது. தப்பிவந்த தன் முன்னாள் கணவனுக்கு உதவியமைக்காக, அவளைத் தன் விருப்பத்துக்குரியவளாகக் கருதிய கெட்டில் அவளைச் சாகுமளவும் அடிக்கிறார். அதுவரை மென்மையானவராகவே காட்டப்பட்ட பண்ணையார் அவர். பற்று, உடைமையுணர்வாக மாறும்போது எத்துணைக் கொடியது என்பதற்கு இதனினும் வலிய சான்று தொடரில் இல்லை. இம்மட்டில் துறவியின் ஐயம் முற்றிலும் பிழையன்று என்பதையும் தொடர் ஒப்புக்கொள்கிறது.

ஆர்ன்ஹெயிட்டின் இறப்புக்குப் பின்னர் தோர்ஃபினும் ஏனாரும் தப்பிச்செல்லக் கப்பல் காத்திருக்கிறது. ஆயினும் தோர்ஃபின் கனூட்டைச் சந்திக்கத் திரும்புகிறான். பண்ணையில் எஞ்சியிருப்போர் சாகாமல் காக்க வேண்டும் என்பதே காரணம். அவர்களுள் அவனை அடிமையாக இழிவுசெய்தோரும் உண்டு. மன்னனைக் காணவேண்டுமாயின் நூறு குத்துகளைத் தாங்கவேண்டும் என்ற நிலையில், திருப்பியடிக்காமல் அத்தனையையும் தாங்குகிறான். தனக்குப் பகைவர் எவருமில்லை என்று அவன் அப்போது கூறுகிறான். தந்தையின் சொல் பதினாறு ஆண்டுகளுக்குப் பின்னர் மகனுக்குப் பொருள்படுகிறது.

கடற்கரையில் இருவரும் பேசுகின்றனர். அரசன் உலகைத் திருத்த வன்மையை ஆள்வேன் என்கிறான். தோர்ஃபின், அவ்வன்மையின்கீழ் வாழ இயலாதோர்க்கு வேறொரு நிலத்தில் இடம் அமைப்பேன் என்கிறான். இறுதியில் கனூட் படையைத் திருப்புகிறான். தோர்ஃபினின் பரிவு எவரையும் கணக்கிடுவதில்லை. அது ஏனாரிடமும் ஆர்ன்ஹெயிட்டிடமும் கொண்ட அன்பிலிருந்து கிளைத்துப் பிறர்க்கும் விரிந்தது. அருள் அன்பின் குழந்தை என்னும் கருத்தைத் தொடர் தன் போக்கில் வந்தடைகிறது.

எனினும் தோர்ஃபினின் அருளுக்குத் தாய் உண்டு, செவிலி இல்லை. கையில் பொருளில்லாத ஒரு முன்னாள் அடிமை புதிய நாட்டை எவ்வாறு அமைப்பான்? வரலாறும் இங்குத் தயங்கவே செய்கிறது. தோர்ஃபினுக்கு மூலமான தோர்ஃபின் கார்ல்செஃப்னி வின்லாண்டில் குடியேற முயன்று, அங்கு வாழ்ந்த மக்களோடு ஏற்பட்ட மோதலால் திரும்பிவந்ததாகப் பழைய ஐஸ்லாந்துக் கதைகள் கூறுகின்றன. 1960இல் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் லான்ஸ் ஓ மெடோஸ் என்னுமிடத்தில் நோர்ஸ் குடியிருப்பு கண்டறியப்பட்டது. அங்குக் கிடைத்த மரத்துண்டுகள் 1021ஆம் ஆண்டில் வெட்டப்பட்டவை என்று 2021இல் வெளிவந்த ஆய்வு நிறுவியது. குடியேற்றம் உண்மை, அது நிலைக்கவில்லை என்பதும் உண்மை. போரற்ற நாடு என்னும் கனவை இவ்வரலாற்றின்மீது கட்டியிருப்பதால், தொடரின் நம்பிக்கை மலிவானதாகத் தோன்றவில்லை.

8. வகுப்பறைக்குச் சில கருத்துகள்

முதற்பருவத்தில் கொலைக் காட்சிகள் மிகுதி. ஆதலால் இத்தொடரை இடைநிலைப்பள்ளியின் கீழ்வகுப்பு மாணவர்க்குப் பரிந்துரைத்தல் ஆகாது. ஆறாம் படிவ மாணவர்க்கும் பல்கலைக்கழக மாணவர்க்கும் தெரிந்தெடுத்த காட்சிகளைப் பயன்படுத்தலாம்.

தோர்ஸ் எட்டு ஆடுகள் கொடுத்து அடிமையை மீட்பது, பனிவெளி உரையாடல், கடற்கரை உரையாடல் ஆகிய மூன்றையும் காட்டி, ஒவ்வொன்றிலும் வெளிப்படுவது அன்பா, அருளா, இரண்டும் அல்லவா என்று மாணவரை வினவலாம். அன்புடைமை, அருளுடைமை ஆகிய அதிகாரங்களை மனனம் செய்து, இரண்டும் ஒன்றே என்று எண்ணித் தேர்வெழுதும் மாணவர் பலர். ரக்னாரை அறிந்த மாணவர் அவ்வாறு எண்ணமாட்டார். ஆனால் கதைமாந்தரைக் குறளுக்கு எடுத்துக்காட்டாக மட்டும் சுருக்கிவிடுதல் கூடாது. குறள் துறவறவியலில் வைத்த அருளை ஓர் அரசன் தன் கையில் எடுத்துக்கொண்டால் என்ன நேரும் என்னும் வினாவைத் தொடர் நம்மிடம் திருப்பிக் கேட்கிறது. அதற்கு மாணவர் தாமே விடைதேட வேண்டும்.

முடிவுரை

‘வின்லாண்ட் சாகா’ போரைக் கண்டிக்கும் தொடர் என்று மட்டும் கூறுவது போதாது. போரைத் தொடுப்போர் பலரும் எவரிடமேனும் அன்புடையோரே என்பதை அது காட்டுகிறது. பின்னர், அன்பைத் துறந்த பொதுநோக்கும் போருக்கே இட்டுச்செல்லக் கூடும் என்பதையும் காட்டுகிறது. ரக்னாரின் அன்பு ஒருவனோடு நின்றுவிட்டது. கனூட்டின் அருளோ எவரிடமும் தொடங்கவில்லை. ஓர் அன்பில் தொடங்கி அதனோடு நில்லாமல் விரிவதே தோர்ஃபின் கண்ட வழி. அவ்வழி வெல்லும் என்பதற்கு வரலாறு உறுதி தரவில்லை. ஆயினும் பிழைக்க மாட்டாத அடிமைக்காக எட்டு ஆடுகளைக் கொடுத்த தோர்ஸும் அத்தகைய உறுதியை எதிர்பார்த்துக் கொடுத்தவர் அல்லர்.